பேனாக்கத்தியின் முத்திரையும் வெள்ளெழுத்துக் கண்ணும்

கேள்வி: மதிப்பிற்குரிய மேடம், எனக்கு 67 வயது. என் அப்பா வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். தோட்டத்துத் துரை இங்கிலாந்துக்குத் திரும்பும்போது அப்பாவுக்கு ஒரு பேனாக்கத்தியைக் கொடுத்துவிட்டுப் போனார், கத்திக்குப் பேர்போன ஆங்கிலேய நகரமான ஷெஃபீல்டில் செய்தது. அதில் தொடங்கிய ஆசை, இன்று 31 மடக்குக்கத்திகள் சேர்ந்திருக்கின்றன. முன்பு அலகின் அடியில் உள்ள முத்திரையை வெறும் கண்ணால் படிப்பேன். இப்போது 10 மடங்கு லென்ஸ் வைத்தாலும் எழுத்து நீந்துகிறது. 30 மடங்கு என்று போட்டிருந்த, விளக்கு பொருத்திய லென்ஸ் ஒன்றை வாங்கினேன், இன்னும் மோசம். பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடுகிறது. போன மாதம் வெள்ளிப் பழக்கத்தி, அதாவது பழம் நறுக்கும் வெள்ளி அலகுக் கத்தி, என்று நம்பி ஒன்றை நல்ல விலைக்கு வாங்கினேன். அலகில் நான்கு சின்னக் கட்டங்கள் இருக்கின்றன, உள்ளே இருப்பது தெரியவில்லை. மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கேஸ் நிறுவனக் கத்தியில், முத்திரையோடு உள்ள புள்ளிகளை எண்ணினால் ஒரு நாள் ஆறு வருகிறது, மறுநாள் ஏழு. சேகரிப்பை இதோடு நிறுத்திவிடலாமா? அப்பாவின் கத்தியின் படத்தை இணைத்திருக்கிறேன். வீட்டில் அதை விக்டோரியா ராணி காலத்துக் கத்தி என்றுதான் சொல்வோம். அது சரிதானா?

பதில்:

அன்புள்ள ஐயா,

நிறுத்த வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களுக்குப் போதாமல் இருப்பது வெளிச்சம். உருப்பெருக்கம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. கண் மங்கத் தொடங்கியதும் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள், 10 மடங்கில் தெரியாததை 30 மடங்கில் தேடினீர்கள். போக வேண்டிய திசை அதற்கு நேர் எதிரானது. மடங்கைக் குறையுங்கள், வெளிச்சத்தைக் கூட்டுங்கள், அந்த வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து கொடுங்கள்.

பழைய உலோகப் பொருட்களைச் சுத்தம் செய்து பாதுகாப்பது என் தொழில். காசு, பூட்டு, குத்துவிளக்கு, வாள், பேனாக்கத்தி என்று 35 ஆண்டுகளாக லென்ஸும் கையுமாகவே இருந்திருக்கிறேன். எனக்கும் 61 ஆகிறது. வெள்ளெழுத்து வந்த புதிதில் நானும் பெரிய மடங்கு லென்ஸ்களாக வாங்கி மேசை இழுப்பறையை நிரப்பினேன். இன்று அவற்றில் மூன்றைத்தான் தொடுகிறேன்.

முதலில் கண். நான் கண் மருத்துவர் அல்ல. கடைசியாக எப்போது கண் பரிசோதனை செய்துகொண்டீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. 67 வயதில் எழுத்து நீந்தினால் வெள்ளெழுத்து மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கண்புரை தொடங்கியிருந்தால் விளக்கைக் கூட்டக் கூட்டக் கூச்சம்தான் ஏறும். மெருகேறிய எஃகு வெள்ளையாகப் பூத்துத் தெரியும். சர்க்கரை நோய் இருந்தால், சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் கண்ணாடியின் பவரே மாறிவிட்டதுபோல இருக்கும். கத்தி வைத்திருப்பவர் வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. முதுகு நேராக உள்ள கத்தி ஒன்றை எடுத்து, படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அந்த முதுகுக் கோட்டைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். நேர்கோடு நடுவில் நெளிந்தோ, ஓரிடத்தில் அழிந்தாற்போலவோ தெரிந்தால், அது விழித்திரையின் நடுப்பகுதி கெடுவதன் அடையாளமாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். திடீரென மின்னல் வெட்டினாற்போலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, பார்வையின் ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல மறைத்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

போகும்போது டேப் வைத்து ஓர் அளவு எடுத்துக்கொண்டு போங்கள். கத்தியைப் பார்க்க உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து கைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். பொதுவாகப் படிக்கும் கண்ணாடி 40 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்டது. நீங்கள் 30இல் வேலை செய்கிறவராக இருந்தால் அந்தக் கண்ணாடி உங்களுக்குப் பொருந்தாது. ‘இந்தத் தூரத்துக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி வேண்டும்’ என்று கேளுங்கள். பைஃபோகலின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்தி வரும் தலைவலி அதிலேயே பாதி குறையும்.

இனி லென்ஸ். வயதான கண்ணுக்கு லென்ஸ் செய்யும் உதவியைப் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. இளமையில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கிட்டத்துப் பொருளுக்குத் தகுந்தபடி வளைந்துகொடுக்கும். பத்து வயதுப் பையன் எட்டு சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துக்கூடப் பார்ப்பான். வயது ஏற ஏற அது விறைத்துவிடுகிறது. 60 வயதில், கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரிய, பொருள் ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளிப் போக வேண்டியிருக்கிறது. ஆனால் நல்ல லென்ஸ் ஒன்றை அதன் குவியத் தூரத்தில் பிடித்தால், கத்தியிலிருந்து வரும் ஒளி இணைகதிராகிக் கண்ணுக்குள் போகிறது, தூரத்து மலையிலிருந்து வருவதுபோல. கண் வளைந்துகொடுக்க வேண்டிய வேலையே அங்கே இல்லை. தூரப்பார்வை தெளிவாக இருக்கிற 67 வயதுக்காரர், வெளிச்சம் போதுமானால், லென்ஸ் வழியாக 25 வயதுக்காரர் பார்ப்பதை எல்லாம் பார்த்துவிடலாம்.

ஆகவே லென்ஸை எடுக்கும்போது படிக்கும் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். தூரத்துக்குக் கண்ணாடி தேவைப்படுகிறவராக இருந்தால், குறிப்பாக சிலிண்டர் பவர் இருந்தால், அந்தத் தூரக் கண்ணாடியோடு அதன் மேற்பகுதி வழியாகப் பாருங்கள். உங்கள் எழுத்து நீந்துவதற்கு இது ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்: பைஃபோகலின் கீழ்ப்பகுதியும் லென்ஸும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

உங்கள் 30 மடங்கு லென்ஸைச் சோதிக்க ஒரு ஸ்கேல் போதும். கணக்கு எளிது: 25 சென்டிமீட்டரைக் குவியத் தூரத்தால் வகுத்தால் மடங்கு வரும். உண்மையான 10 மடங்கு லென்ஸ் பொருளிலிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரியும். 30 மடங்கு என்றால் எட்டு மில்லிமீட்டருக்குள் போக வேண்டும். உங்களுடையது இரண்டு, இரண்டரை சென்டிமீட்டரிலேயே தெளிந்தால், மேலே என்ன அச்சிட்டிருந்தாலும் அது 10 மடங்கு லென்ஸ்தான். மலிவான லென்ஸ்களில் 30, 40 என்று போடுவது வழக்கமாகிவிட்டது. ஒருவேளை உங்களுடையது உண்மையாகவே 30 என்றாலும் அது கத்திக்கு ஆகாது. காட்டும் வட்டம் சிறியது; தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. கை கடுகளவு அசைந்தாலும் படம் ஓடிவிடும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் வெளிச்சமும் நுழையாது.

நான் சொல்லும் மூன்று இவை. முதலாவது, தலையில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கி, இரண்டரை மடங்கு. ஆப்டிவைசர் என்ற அமெரிக்கத் தயாரிப்பில் 5ஆம் எண் தட்டு இந்த அளவு. 20 சென்டிமீட்டர் தூரத்தில் வேலை செய்யலாம். இரு கண்ணாலும் பார்க்கலாம், இரண்டு கையும் காலியாக இருக்கும், கண்ணாடிக்கு மேலேயே மாட்டலாம். ஒரு கத்தியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இதிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது, 5 மடங்குக் கை லென்ஸ். மூன்றாவது, 10 மடங்கு டிரிப்ளெட் லென்ஸ், அதாவது மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது. ஒற்றைக் கண்ணாடி லென்ஸில் விளிம்புக்குப் போகப் போக எழுத்து வளைந்து, நீலமும் சிவப்புமாக ஓரம் கட்டும். டிரிப்ளெட்டில் அந்தத் தொல்லை இல்லை. வைரம் பார்க்கிறவர்கள் கையில் இருப்பது அதுதான். நகைக்கடைகளுக்குக் கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும். மற்ற இரண்டும் பதில் சொல்லாத கேள்வி மிஞ்சினால்தான் இதை எடுக்க வேண்டும்.

லென்ஸைச் சுற்றி வளையமாக விளக்கு பொருத்தியவற்றை வாங்காதீர்கள். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. முத்திரை என்பது எஃகில் ஒரு பள்ளம். பள்ளம் நிழலால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. நேர் மேலிருந்து வட்டமாக வெளிச்சம் விழுந்தால் நிழலே இல்லாமல் போய், தேய்ந்த எழுத்து தட்டையாகி மறைந்துவிடும். உச்சி வெயிலில் பார்த்தால் தெரியாத கல்வெட்டு, சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது எழுத்தெழுத்தாக எழுந்து நிற்பதைக் கோயில் சுவரில் பார்த்திருப்பீர்கள். கத்திக்கும் அதே விதிதான்.

மேசையில் கழுத்து வளையும் விளக்கு ஒன்றை வையுங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். விளக்கின் தலையைத் தாழ்த்தி, ஒளி கத்தியின் மேல் ஏறத்தாழப் படுத்தபடி ஓடுமாறு வையுங்கள், 10 அல்லது 15 டிகிரி சாய்வில். இப்போது கத்தியை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஒரு திசையில் நின்ற கோடுகள் மங்கும். படுத்த கோடுகள் எழும். இன்னொரு திசையில் நேர்மாறு. முழு எழுத்தும் எந்த ஒரு நிலையிலும் தெரியாது. நாலு நிலையில் பார்த்ததை மனத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எஃகு பளபளத்துக் கண்ணைக் குத்தினால் விளக்குக்கு முன்னால் சற்றுத் தள்ளி ஒரு பட்டர் பேப்பரைப் பிடியுங்கள். கத்திக்குக் கீழே வெள்ளைத் துணி வேண்டாம், அது கண்ணைக் கூசச் செய்யும்; அடர் சாம்பல் அல்லது கரும்பச்சைத் துணி விரியுங்கள். ஏன் வெளிச்சத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன் என்றால், 60 வயதில் கண்ணின் பாவை சுருங்கி, உள்லென்ஸும் மஞ்சள் பாரித்துவிடுவதால், 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இப்போது போய்ச் சேர்கிறது. இளைஞருக்குப் போதுமான விளக்கு நமக்கு அரையிருட்டு.

லென்ஸைப் பிடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 5, 10 மடங்கு லென்ஸ்களைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடிக்க வேண்டும். பொருளை லென்ஸிடம் கொண்டுவர வேண்டும். எட்டிப் பிடித்துக்கொண்டு துப்பறியும் கதைப் படத்தில் வருவதுபோலப் பார்த்தால் பார்வை வட்டம் சுருங்கிவிடும். முழங்கை இரண்டும் மேசையில் ஊன்றியிருக்கட்டும். லென்ஸ் பிடித்த கையின் விரல், கத்தி பிடித்த கையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். இரண்டும் சேர்ந்தே ஆடினால் படம் ஆடாது. மற்றக் கண்ணை இறுக்கி மூடாதீர்கள். திறந்தே வைத்துப் பழகினால் ஒரு வாரத்தில் மூளை அதைக் கண்டுகொள்ளாது. உங்கள் தலைவலி மூடிய கண்ணின் தசையிலிருந்தும் வரலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஜன்னலுக்கு வெளியே தூரத்தைப் பாருங்கள்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 10 மடங்கு லென்ஸில் முத்திரையைப் படிக்கும்போது திறந்த அலகு முகத்திலிருந்து விரல் தூரத்தில் இருக்கிறது. பழைய ஷெஃபீல்டு ஸ்பிரிங் இன்னும் வலுவாகவே இருக்கும். அலகின் முனையில் ஒரு தக்கையைச் செருகி, முனை உங்கள் முகத்தைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, அதன்பிறகு குனியுங்கள். ஒரு முறைகூட விதிவிலக்கு வேண்டாம்.

இனி உங்கள் கத்திகள்.

எந்தக் கத்தியையும் லென்ஸில் தொடங்காதீர்கள். கையிலும் காதிலும் தொடங்குங்கள். அவை இன்னும் உங்களைக் கைவிடவில்லை. அலகைத் திறந்து மூடுங்கள். நல்ல கத்தி தடங்கல் இல்லாமல் நகர்ந்து, ‘டக்’ என்று ஒரே சத்தத்தில் நிற்கும். மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் இதை ‘வாக் அண்ட் டாக்’ என்பார்கள், கத்தியின் நடையும் பேச்சும். அலகு பக்கவாட்டில் ஆடினாலோ, சத்தம் தளர்ந்திருந்தாலோ ஆணி தேய்ந்திருக்கும், அல்லது யாரோ பிரித்துக் கோத்திருப்பார்கள். பிறகு நகக் குழியை, அதாவது அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளத்தை, கட்டைவிரலால் தடவுங்கள். அந்தக் குழிக்கும் வெட்டும் விளிம்புக்கும் இடையே இரும்பு மிகக் குறைவாக இருந்தால், சாணை பிடித்துப் பிடித்து அலகு தேய்ந்துபோன கத்தி அது.

அதன்பிறகு தலைலென்ஸை மாட்டிக்கொண்டு ஆணித் தலைகளைப் பாருங்கள். பழைய ஆணி சுத்தியலால் தட்டி விரிக்கப்பட்டது. தலை பூணோடு, அதாவது கைப்பிடி முனையில் உள்ள உலோகப் பகுதியோடு, கரைந்து, தேய்ந்து, அதே நிறத்துக்கு வந்திருக்கும். ஒன்று மட்டும் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தால் அங்கே வேலை நடந்திருக்கிறது. அலகின் நிறம், பூணின் நிறம், ஸ்பிரிங் முதுகின் நிறம் மூன்றும் ஒரே வயதைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் இளமையாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

முத்திரைக்குக் கடைசியில்தான் வர வேண்டும். 5 மடங்கில், சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அச்சால் அடித்த எழுத்தின் அடித்தளம் ஓரளவு சமமாக இருக்கும். எஃகு ஒதுங்கியதால் விளிம்பு மெல்ல உயர்ந்து, காலப்போக்கில் மழுங்கியிருக்கும். எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் வெளியிலும் ஒரே கருமை படர்ந்திருக்கும். அமிலத்தாலோ மின்சாரத்தாலோ அரித்துப் போட்ட போலி முத்திரையில் பள்ளத்தின் அடி மணல்போலச் சொரசொரவென்று இருக்கும். எல்லா எழுத்தும் ஒரே ஆழம். விளிம்பில் அந்த மெல்லிய உயர்வு இருக்காது. இன்னொரு தந்திரம், பழைய பெயரைத் தேய்த்துவிட்டுப் புதியதை அடிப்பது. அப்படிச் செய்த இடம் சுற்றியுள்ள எஃகைவிடத் தாழ்ந்திருக்கும். லென்ஸே வேண்டாம், அலகைப் படுக்கைவாட்டில் பிடித்து ஜன்னலின் பிம்பத்தை அதில் ஓடவிடுங்கள். அடிப்பகுதிக்கு வந்ததும் பிம்பம் குழிந்தால் அங்கே தேய்த்திருக்கிறார்கள்.

முத்திரையில் காலத்தைச் சொல்லும் சில சொற்கள் உண்டு. அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு, அங்கே போகும் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டியிருந்தது. அதனால் ‘இங்கிலாந்து’, ‘ஜெர்மனி’ என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிந்தையது எனலாம். ஆனால் அந்தச் சொல் இல்லை என்பதால் அதற்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது. இந்தியாவுக்கு வந்த கத்திக்கு அமெரிக்கச் சட்டம் பொருந்தாதே. ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல் இருந்தால் இன்னும் உறுதி. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் கண்டறிந்தது 1913இல். விக்டோரியா காலக் கத்தி என்று விற்கப்பட்டு, அடியில் அந்தச் சொல்லோடு என் மேசைக்கு வந்தவை உண்டு.

உங்கள் கேஸ் கத்தியின் புள்ளிகளுக்கு வருகிறேன். அந்த நிறுவனம் 1970இல் முத்திரையில் பத்துப் புள்ளிகள் வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. ஏழு என்றால் 1973, ஆறு என்றால் 1974. 1980இல் மறுபடி பத்திலிருந்து தொடங்கியபோது பெயரின் ‘எஸ்’ எழுத்தை மின்னல்போல மடித்து எழுதினார்கள், ஆகவே அதையும் பாருங்கள். எண்ணிக்கை மாறுவதற்குக் காரணம் உங்கள் கண்ணாக இருக்காது. ஒரு புள்ளியில் அழுக்கோ மெருகுப் பசையோ அடைந்திருக்கலாம். ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் கழித்து, மரப் பல்குச்சியின் நுனியால் அந்த வரிசையைத் துடைத்துவிட்டு, பக்க வெளிச்சத்தில் எண்ணுங்கள். ஊசி, குண்டூசி கூடாது. நீங்கள் போடும் கீறல் எட்டாவது புள்ளியாகத் தெரியும்.

எண்ணுவதற்குக் கைபேசி நல்ல துணை. வெளிச்சம் இதேபோலப் பக்கத்திலிருந்து வரும்படி வைத்து, 15 சென்டிமீட்டர் தள்ளிப் படம் எடுத்து, பிறகு திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்து வலிக்காது, அலகும் முகத்துக்கு அருகில் இருக்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கைபேசி படத்தைத் தானாகவே கூர்மையாக்கும். அதனால் வெறும் கீறல் எழுத்தாகத் தோன்றுவதுண்டு. படத்தில் கண்டதை லென்ஸில் ஒரு முறை உறுதி செய்யாமல் எழுதி வைக்காதீர்கள்.

பழக்கத்தியைப் பற்றிச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஷெஃபீல்டில் வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகம் 1773 முதல் இருக்கிறது. அங்கே முத்திரை பெற்ற வெள்ளி அலகில், நடந்து போகும் சிங்கம் ஒன்று இருக்கும், அது 92.5 சதவீத வெள்ளி என்பதன் அடையாளம். 1974 வரை ஷெஃபீல்டுக்கு உரியதாக இருந்த கிரீடம், ஆண்டைக் குறிக்கும் ஒரு தனி எழுத்து, செய்தவரின் பெயர் எழுத்துகள், 1890 வரை வரி கட்டியதற்கு அரசரின் அல்லது அரசியின் தலை ஆகியவையும் இருக்கும். மில்லிமீட்டர் கணக்கில் அடங்கும் இந்த முத்திரைகளுக்குத்தான் 10 மடங்கு லென்ஸ். உங்கள் கத்தியின் நான்கு கட்டங்களிலும் பாருங்கள். நான்கு கால், ஒரு தூக்கிய பாதம், மேலே வளைந்த வால் எதிலாவது தெரிகிறதா? தெரிந்தால் மகிழ்ச்சி. நான்கிலும் எழுத்துகளே இருந்து, அவை இ, பி, என், எஸ் என்று படிக்கும்படி இருந்தால், அது ஜெர்மன் சில்வர் மீது மின்முலாம் பூசியது. அந்த உலோகத்தில் வெள்ளி கிடையாது. வெள்ளி முத்திரை மாதிரியே தோன்றும்படி தனித்தனிக் கட்டத்தில் அலங்கார எழுத்தில் அடிப்பது அந்தக் காலத்து வழக்கம். அலகின் விளிம்பிலும் முனையிலும் முலாம் தேய்ந்து சற்று மஞ்சள் காட்டுகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் விற்றவரிடம் முத்திரையைக் காட்டிக் கேளுங்கள். அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

கைப்பிடிகளைப் பற்றிச் சுருக்கமாக. எலும்பில் லென்ஸ் வைத்தால் சிறு கரும்புள்ளிகளும் சின்னக் கீறல்களும் தெரியும். உயிரோடு இருந்தபோது இரத்தக் குழாய்கள் ஓடிய தடங்கள் அவை. தந்தத்தில் அவை இருக்காது. கைப்பிடியின் வெட்டு முனையில் பின்னல்போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும். ஒரே இடைவெளியில் அச்சடித்தாற்போல நேர்கோடுகள் ஓடினால் அது தந்தம்போலச் செய்த செல்லுலாய்டு. தந்தம் என்று சொல்லி யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம். நம் நாட்டில் தந்த வியாபாரம் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

செல்லுலாய்டு கைப்பிடிகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள். பழையது கெடத் தொடங்கினால் அமில வாயு கசியும். பக்கத்தில் இருக்கும் நல்ல அலகுகளையும் துரு தின்றுவிடும். உள்தகட்டில் பச்சைக் களிம்பு, கைப்பிடியில் மயிரிழை வெடிப்பு, கற்பூர வாடையோ புளித்த வாடையோ தெரிந்தால் அன்றே மற்றவற்றிலிருந்து விலக்கிவிடுங்கள். அது எளிதில் தீப்பற்றும் பொருளும்கூட. உங்கள் பூதக்கண்ணாடியை ஜன்னலோரம் மேசைமீது வெறுமனே விட்டு எழுந்து போகாதீர்கள். காலை வெயில் அதன் வழியாகக் குவிந்து விழும் இடத்தில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் லென்ஸ் உறைக்குள் போக வேண்டும்.

கடைசியாக அப்பாவின் கத்தி. நீங்கள் அனுப்பிய படத்தைத் திரையில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் அதன் பக்கத்தில் மால்டா சிலுவையும் இருக்கின்றன. அது ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் அடையாளம், 1682இல் வழங்கப்பட்டது. 1851ஆம் ஆண்டு லண்டன் பெரும் பொருட்காட்சிக்காக 75 அலகுகள் கொண்ட நார்ஃபோக் கத்தியைச் செய்த அதே பட்டறை. அதற்கு மேலே நடுவில் கிரீடமும் இரு பக்கமும் ஒவ்வோர் எழுத்தும். வலப்பக்கம் ‘ஆர்’ தெளிவாக இருக்கிறது. இடப்பக்க எழுத்தைத்தான் உங்கள் வீட்டில் ‘வி’ என்று படித்து, விக்டோரியா என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதன் அடி வளைந்து, உள்ளே ஒரு சிறு கோடு திரும்புவதாகத் தெரிகிறது. அது ‘ஜி’, ஜார்ஜ் மன்னர். கீழே ‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் கத்தி ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த 1910க்குப் பிந்தையது. ராணி காலம் அல்ல. ஆனால் துரையின் சட்டைப்பையில் இருந்த காலத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது.

அந்தக் கத்தியை மெருகு போட யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒரு துளி எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். காரணம் உண்டு. படத்தில் பூணின் இடப்பக்கம், ஆணிக்குச் சற்றுக் கீழே, வெளிச்சம் தற்செயலாகச் சாய்ந்து விழுந்த இடத்தில் சில மெல்லிய கீறல்கள் இருக்கின்றன. பயன்பாட்டில் விழும் கீறல் நீளவாக்கில் ஓடும். இவை குறுகலாக, வளைந்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிற்கின்றன. ஊசி முனையால் யாரோ பொறுமையாகக் கீறியதுபோல இருக்கிறது. படத்தில் அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. இன்று இரவு மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, மேசை விளக்கைத் தாழ்த்தி, 5 மடங்கு லென்ஸில் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். உங்கள் அப்பாவின் கணக்குப் புத்தகம் ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் தன் பெயரின் முதல் எழுத்தை எப்படி வளைத்து எழுதுவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.